பாரிட் புந்தாரிலிருந்து செராத்திங்: அலை தேடும் பாதை

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றின் தென்கரையில் அமைந்திருக்கும் பாரிட் புந்தார், பேராக், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி வரும் இடத்திலுள்ள சிறுநகரமாகும். ஆற்றைக் கடந்தால் கெடாவின் பண்டார் பாரு. சற்று வடமேற்கே சென்றால் பினாங்கின் நிபோங் திபால். நகரைச் சுற்றிலும் நெல்வயல்கள் பரந்து கிடக்க, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து, வயல்களை நனைத்து, மிச்சத்தைக் கடலில் சேர்க்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள், கரும்பு பால்மரமாகவும் பால்மரம் செம்பனையாகவும் மாறிய பின்பும் இங்கேயே நிலைத்தனர். கடல் இந்நகரிலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். ஆயினும் அலைச்சறுக்கு, அதாவது நீண்ட மிதவைப் பலகையின் மேல் எழுந்து நின்று, உடையும் அலையின் வேகத்தில் கரைநோக்கி வழுக்கி வரும் விளையாட்டைக் கற்க விரும்பும் ஒருவர், இவ்வளவு அருகிலிருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுத் தீபகற்பத்தின் மறுகரைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இந்த முரணுக்கான காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் கரை தேடிப் புறப்படுவது வீண் அலைச்சல் என்பதால், பயணத்தை அருகிலுள்ள கடலிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

பாரிட் புந்தாரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, வயல்களினூடே நேராக ஓடித் தஞ்சோங் பியாண்டாங் என்ற மீனவக் கிராமத்தை அடைகிறது. கடல்நீர் வயலுக்குள் புகாமல் காக்கும் நீண்ட மண்கரையும், அக்கரையை ஒட்டிய பான் பெச்சா பகுதியின் உணவுக் கடைகளும், மாலையில் மேற்கு வானத்தைப் பார்க்க வந்து அமரும் குடும்பங்களும் இவ்விடத்தின் அடையாளங்கள். கடல் வற்றும் வேளையில் கரையிலிருந்து வெகுதூரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு வெளிப்படுகிறது. அதில் சேற்றுத்தாவி மீன்கள் துள்ளுகின்றன. கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. தெற்கே கோலா கூலாவில் இதே சேற்றுவெளியும் கண்டல் காடும் வலசைப் பறவைகளின் தங்குமிடமாகப் பெயர் பெற்றுள்ளன. இக்கடலில் அலையே இல்லை என்று கூறிவிட முடியாது. சிற்றலைகள் இடைவிடாமல் வருகின்றன. ஆனால் அவை சேற்றின் மேல் தவழ்ந்து வந்து, உடைவதற்கான உயரத்தைப் பெறாமலேயே அடங்கிவிடுகின்றன. பறவைக்கும் இறாலுக்கும் உகந்த இந்தக் கரை சறுக்குபலகைக்கு உகந்ததன்று.

காரணத்தை அறிய, அலை எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடற்பரப்பின் மேல் வீசும் காற்று தன் ஆற்றலை நீருக்குக் கொடுப்பதால் அலை உண்டாகிறது. அவ்வலையின் அளவை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது கடல்மேல் ஓடும் தொலைவு. மூன்றாவதைக் காற்றோடு தொலைவு எனலாம். இத்தொலைவு மிகுந்தால், காற்று வீசும் பகுதியை விட்டு விலகிய பின்பும் கலையாமல் நெடுந்தூரம் செல்லும் ஒழுங்கான அலைவரிசைகள் உருவாகின்றன. ஆங்கிலத்தில் ஸ்வெல் எனப்படும் இவற்றை இங்கே தொலையலை என்று குறிக்கலாம். ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அலைக்காலம் எனப்படும். ஆழ்கடலில் 4 வினாடி அலைக்காலம் கொண்ட அலையின் நீளம் சுமார் 25 மீட்டர். 8 வினாடி அலைக்கு அது 100 மீட்டர். 12 வினாடி அலைக்கு 225 மீட்டர். அலைக்காலம் இரு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகிறது என்ற இந்தக் கணக்கில்தான் அலைச்சறுக்கின் அடிப்படை அடங்கியிருக்கிறது. ஏனெனில் நீளமான அலையே கரைக்கருகில் வந்து எழும்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி வரிசையாக உடைந்து, மனிதரைச் சுமந்து செல்லும் நேரத்தைத் தருகிறது. குறுகிய அலை எல்லாத் திசையிலும் சிதறிக் குலைந்துவிடும்.

தஞ்சோங் பியாண்டாங் கரையைத் தொடும் மலாக்கா நீரிணையில் இந்த மூன்றாவது கூறே இல்லாமற்போகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் தொலையலைகள் சுமத்திராவின் மேற்குக் கரையில் மோதி முடிகின்றன. அத்தீவின் மறுபுறத்தில் படுத்திருக்கும் நீரிணைக்குள் அவை நுழைவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் விடியலுக்கு முன் இடியும் மழையுமாக வந்து போகும் சுமத்திராப் புயற்காற்று வரிசைகள்கூட, குறுகிய நீர்ப்பரப்பின் மேல் சில மணி நேரமே வீசுவதால், குட்டையான, முரட்டுத்தனமான அலைகளையே எழுப்புகின்றன. போதாக்குறைக்கு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அடித்தளத்தில் குழம்பாகத் தங்கி, வரும் அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. கேரளத்தின் ஆலப்புழைக் கரையில் சாகரா எனப்படும் சேற்றுத்திட்டுகள் மழைக்காலத்தில்கூடக் கடலை அமைதிப்படுத்தி மீனவர்களுக்கு இடம் தருவதும் இதே இயற்பியலால்தான்.

தமிழ்நாட்டுக் கரையை அறிந்த வாசகருக்கு இந்நிலை புதிதன்று. பேராக்குக்குச் சுமத்திரா எதைச் செய்கிறதோ, பாக் நீரிணைக்கு இலங்கை அதையே செய்கிறது. கோடிக்கரைக்கு வடக்கேயுள்ள நாகப்பட்டினம் திறந்த வங்கக் கடலை நோக்கி நிற்க, கோடிக்கரையைச் சுற்றி மேற்கே திரும்பியதும் முத்துப்பேட்டையின் கண்டல் காடும் அதிராம்பட்டினத்தின் சேற்றுக்கரையும் தொடங்குகின்றன. தனுஷ்கோடியில் ஒரு மணல்திட்டின் இருபுறமும் இருக்கும் நீரை மக்கள் பெண் கடல், ஆண் கடல் என்று பிரித்துப் பேசுவது, நிலத்தடுப்பு எவ்வாறு அலையை மாற்றுகிறது என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்கள், பெரும் அலைகளையுடைய ஒரு கடலைக் கடந்து, அலை அடங்கிய ஒரு கடலின் ஓரத்தில் குடியேறினர் எனலாம். அவர்களின் வழித்தோன்றல்களிடையே கடல் பழக்கம் அருகியதற்குத் தோட்ட வாழ்வு முதன்மைக் காரணமாக இருந்தாலும், இக்கரையின் தன்மைக்கும் அதில் சிறு பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

அலை தேடுபவருக்குப் பாரிட் புந்தாரிலிருந்து இரண்டு திசைகள் திறந்துள்ளன. முதலாவது வடமேற்கு. கிரேட் நிக்கோபார் தீவுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையிலுள்ள திறப்பின் வழியாக இந்தியப் பெருங்கடலின் அலையாற்றலில் ஒரு சிறு பகுதி அந்தமான் கடலுக்குள் நுழைகிறது. மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது, லங்காவித் தீவின் பந்தாய் செனாங்கில் சிற்றலைகள் உடைகின்றன. இன்னும் வடக்கே, தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள காத்தா கடற்கரையில் அவை கற்பதற்குப் போதிய ஒழுங்கைப் பெறுகின்றன. கோலா கெடாவிலிருந்து படகில் லங்காவி செல்வது பாரிட் புந்தார்க்காரருக்கு ஒரு நாள் வேலைதான் என்றாலும், செனாங்கின் அலை நம்பத்தக்கதன்று. பல நாட்கள் அது வெறும் நீச்சல் கடலாகவே இருக்கும். அக்கடலிலும் பினாங்குக் கரையிலும் கடுமையான நஞ்சுடைய பெட்டி வடிவச் சொறிமீன்கள் காணப்படுவதையும், கொட்டிய இடத்தில் உடனே வினிகர் ஊற்றுவதே முதலுதவி என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது திசை கிழக்கு. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் முழு நீளத்தையும் கடந்து வந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையைத் தொடுகிறது. இக்காற்று வழக்கமாக 10 முதல் 20 நாட் வேகத்தில் வீசும். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆசியப் பெருநிலத்தின் வடக்கிலிருந்து குளிர்காற்று அலையலையாக இறங்கும் நாட்களில் அது 30 நாட்டையும் தாண்டும். காற்றோடு தொலைவு இங்கே இரண்டாயிரம் கிலோமீட்டரையும் எட்டக்கூடும் என்பதால், கிரியான் கரை தராத தொலையலையைக் கிழக்குக் கரை ஆண்டுதோறும் தவறாமல் பெறுகிறது. பினாங்குக் கரையில் குடை பிடிக்கும் சுற்றுலாப் பயணிகள் கிழக்குக் கரையைத் தவிர்க்கும் காலமே அலைச்சறுக்குவோர் அங்கே குவியும் காலம்.

கிழக்குக் கரைக்குச் செல்ல இரண்டு பாதைகள் உண்டு. கோலா கங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக்கை அடைந்து, அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து கிளந்தானின் ஜெலியில் இறங்குவது ஒன்று. 1982இல் திறக்கப்பட்ட இச்சாலை, தெமெங்கோர் ஏரியின் பாலங்களையும் ரோயல் பெலும் காட்டின் விளிம்பையும் தொட்டுச் செல்வதால், தீபகற்பத்தின் மிக அழகிய மலைச்சாலைகளில் ஒன்றாகக் கருதத்தக்கது. யானைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அழகு ஒருபுறமிருக்க, 2025 ஜூனில் இச்சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்ததை நினைவில் கொண்டு, இருட்டிய பிறகும் கடும் மழையிலும் இதில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. மற்றொன்று, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் சென்று, காராக் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் குவாந்தானை அடையும் சுற்றுவழி. பாரிட் புந்தார் நிலையத்தில் நிற்கும் மின்தொடர்வண்டியில் கோலாலம்பூர் வரை சென்று, அங்கிருந்து குவாந்தான் பேருந்தைப் பிடிப்பவருக்கு இதுவே எளிது. கட்டப்பட்டுவரும் கிழக்குக் கரை இரயில் பாதையில் செராத்திங்கும் ஒரு நிலையமாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது ஓடத் தொடங்கினால் சொந்த வாகனமில்லாதவரின் பயணம் வெகுவாக இலகுவாகும்.

மலைச்சாலை வழியாக வருபவர் கிளந்தானையும் திரங்கானுவையும் கடந்து தெற்கே இறங்குகிறார். இவ்விரு மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், பேராக்கின் சனி ஞாயிறு வழக்கத்திலேயே நாட்காட்டியைப் பார்ப்பவர் வெள்ளிக்கிழமை மூடிய கடைகளின் முன் நிற்க நேரிடும். சாலையோரம் நெடுக மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து அவித்துப் பொரிக்கும் கெரோப்போக் லேக்கோர் மணக்கிறது. தென்னைகளுக்கிடையே கடல் தோன்றி மறைகிறது. இங்கே முதன்முறையாக அலையின் ஓசை காரின் கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும். ஆனால் ஓசை பெரிதாக இருக்கும் இடம் கற்பதற்கு உரிய இடமன்று என்பதைத் தொடக்கநிலையாளர் இக்கரையில்தான் உணர வேண்டும்.

கோலா திரங்கானு நகரை ஒட்டிய பத்து புரோக் கடற்கரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நகர மக்கள் மாலையில் காற்றாடி விடவும் காற்று வாங்கவும் கூடும் இவ்விடத்தில், தேர்ந்தவர்கள் பருவக்காற்றுக் காலத்தில் பலகையுடன் இறங்குவதுண்டு. ஆயினும் நீரில் இறங்குவோர்க்கு ஆபத்தான கரை என்ற எச்சரிக்கையும் இங்கேயே நிற்கிறது. திரங்கானுவின் பல கரைகளில் பருமனான மணல் செங்குத்தான சரிவாகப் படிந்திருக்கிறது. அலை பொதுவாகத் தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள நீரை அடையும்போது உடைகிறது. சரிவு மெதுவானதாக இருந்தால், 1 மீட்டர் அலை கரைக்கு வெகு முன்பே உடையத் தொடங்கி, நுரையைச் சிறிது சிறிதாக வழியவிட்டபடி நீண்ட தூரம் உருண்டு வரும். இதனை வழிந்துடையும் அலை எனலாம். சரிவு செங்குத்தாக இருந்தால், அதே அலை கரையோரம் வரை தன் ஆற்றலைக் காத்து வைத்திருந்து, ஒரேயடியாகக் கவிழ்ந்து அடிக்கும். இது கவிழ்ந்துடையும் அலை. முதல்வகை தொடக்கநிலையாளரைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டாம் வகை அவரைத் தலைகீழாக மணலில் ஊன்றும். கழுத்தெலும்பு முறிவுகள் பெரும்பாலும் கடலின் ஆழத்தில் அல்லாமல் இத்தகைய ஓர நீரிலேயே நேர்கின்றன.

மேலும், உடைந்து கரைக்கு வந்த நீர் எங்காவது திரும்பிச் சென்றாக வேண்டும். மணல்திட்டுகளுக்கிடையே உள்ள பள்ளத்தைக் கண்டறிந்து, அவ்வழியே குறுகிய ஆறாகக் கடல்நோக்கி விரையும் அந்நீரை இழுவை நீரோட்டம் என்பர். இதில் கவனிக்க வேண்டியது அதன் தோற்றம்: இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் அலை உடையாமல், நிறம் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும் பகுதியே இழுவை ஓடும் இடம். நீந்தத் தெரியாதவரும் குழந்தைகளுடன் வந்தவரும் அலை இல்லை என்று நம்பி அவ்விடத்தையே தேர்ந்தெடுப்பதுதான் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் நிகழும் துயரங்களுக்குப் பெருங்காரணம். இழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்குள் புகுந்து அதன் தள்ளலில் கரை சேர வேண்டும். அவ்வாறு முடியாதவர் பலகையை விடாமல் பற்றி, மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கோரலாம்; பலகை ஒருபோதும் கைவிடத்தக்க பொருளன்று. பலகையையும் சறுக்குபவரின் கணுக்காலையும் இணைக்கும் மீள்தன்மையுள்ள கயிறு இதற்காகவே உள்ளது.

திரங்கானுவின் தென்னெல்லையைத் தாண்டிப் பகாங்குக்குள் நுழைந்தவுடன் வருவது செராத்திங். குவாந்தானுக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் இருக்கும் இக்கிராமத்தின் புகழ் பெரும்பாலும் விடுதிகளாலும், ஆமைகள் முட்டையிடும் மணலாலும், இரவில் ஆற்றோரக் கண்டல் மரங்களில் மினுங்கும் மின்மினிகளாலும் ஏற்பட்டது. அலைச்சறுக்கு நோக்கில் அதன் சிறப்பு முற்றிலும் நிலவமைப்பைச் சார்ந்தது. விரிகுடாவின் வடக்கே ஒரு பாறைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. தெற்கே செராத்திங் ஆறு கடலில் கலக்கிறது. இடைப்பட்ட கரை பிறைவடிவில் வளைந்து, மென்மணலால் ஆன மெதுவான சரிவைக் கொண்டுள்ளது. வடகிழக்கிலிருந்து வரும் தொலையலை முதலில் பாறைமுனையைத் தொட்டு, ஆழம் குறைந்த பக்கத்தில் வேகமிழந்து, முனையைச் சுற்றி வளைந்து விரிகுடாவுக்குள் திரும்புகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறையும் என்பதால் ஏற்படும் இத்திருப்பத்தை அலை விலகல் என்பர். வளையும்போது அலையின் ஆற்றல் நீண்ட முகப்பில் பரவி மெலிகிறது. திறந்த கடலில் தலைக்கு மேல் எழும் அலை, விரிகுடாவின் உட்பகுதியை அடையும்போது இடுப்பளவாகத் தணிந்துவிடுகிறது. அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் அமைவதால், உயரம் பாதியாகும்போது அதன் வலு நான்கில் ஒரு பங்காகிறது. தொடக்கநிலையாளருக்கு வேண்டியது இந்தத் தணிவே.

உடையும் இடத்தைக் கொண்டு கரைகளை மூன்றாக வகுப்பது வழக்கம். மணல்திட்டின் மேல் அலை உடைவது மணற்கரை உடைவு. நிலமுனையைச் சுற்றி வரிசையாக உடைவது முனை உடைவு. நீருக்கடியிலுள்ள பாறை அல்லது பவளத்தின் மேல் உடைவது பாறை உடைவு. செராத்திங்கில் முதலிரண்டும் ஒரே நடைதூரத்தில் கிடைக்கின்றன. முனையை ஒட்டி உடையும் அலை, கரைநோக்கி வருபவரின் இடப்பக்கமாக விரிந்து செல்லும் இடது அலை. அது ஓரளவு கற்றவருக்கு உரியது. புதியவர் அங்கே செல்வது, சாலையை அறியாத ஒருவர் நெடுஞ்சாலையின் விரைவுத் தடத்தில் நிற்பதற்குச் சமம்: தானும் கற்கமாட்டார், பிறரையும் போகவிடமாட்டார். அவருடைய இடம் விரிகுடாவின் நடுப்பகுதியிலுள்ள மணற்கரை. அங்கே அலை ஏற்கெனவே உடைந்து வெண்ணுரையாக உருண்டு வருகிறது. இடுப்பளவு நீரில் நின்று, 8 அல்லது 9 அடி நீளமுள்ள நுரைப்பலகையின் மேல் குப்புறப் படுத்து, நுரைநீர் பின்னால் தள்ளியவுடன் கைகளை ஊன்றி எழுவதே பயிற்சியின் முழு உள்ளடக்கம். நீளமும் அகலமும் மிகுந்த மென்பலகை எளிதில் மிதந்து மெல்லிய அலையையும் பிடித்துக்கொள்ளும். தலையில் பட்டாலும் காயம் குறைவு. புகைப்படங்களில் காணும் கூர்முனைச் சிறுபலகைகளைக் கேட்டு வாங்குபவர்கள் பணத்தைச் செலவிட்டுச் சிரமத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கிராமத்து இளைஞர்கள் பலகைகளை வாடகைக்குத் தருவதுடன் பயிற்சியும் அளிக்கின்றனர். அன்றைய மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, ஆற்றுமுகத்து நீரோட்டம் எவ்வளவு வலுத்திருக்கிறது என்பவற்றை எந்தக் கைபேசிச் செயலியும் அவர்களைப் போல் சொல்லாது என்பதால், தனியே பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குவதைவிட முதல் நாளிலேனும் அவர்களுடன் இறங்குவது நலம்.

இடம் சரியாக இருந்தாலும் காலம் தவறினால் பயனில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செராத்திங் கடல் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். அது ஆமைகளின் காலம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு புறப்படுவது பலருக்கு வசதி என்றாலும், டிசம்பர் மாதமே பருவக்காற்றின் உச்சம். 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மூன்று மாநிலங்களையும் மூழ்கடித்த பெருவெள்ளம் இம்மாதத்தின் இயல்பை நன்கு காட்டும். அக்காலத்தில் கடல் கலங்கி, காற்று கரைநோக்கி அறைந்து, அலைகள் ஒழுங்கிழந்து வரும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிப்பான கடலுக்கும் எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் பலகை விடுதிச் சுவரில் சாய்ந்திருப்பதே சரி. பருவத்தின் கடைசிப் பகுதியான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைந்து, காற்றும் தணிந்து, தொலையலை மட்டும் எஞ்சியிருக்கும். பருவத்தின் தொடக்க நாட்களும் சில ஆண்டுகளில் கைகொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் கடல் நாளுக்கு நாள் வலுத்துக்கொண்டே போகிறது, இறுதியிலோ நாளுக்கு நாள் இளகுகிறது. கற்பவருக்கு இளகும் கடலே நல்லது. நாளின் வேளையிலும் தேர்வு தேவை: கடற்காற்று வலுக்கும் முன், காலை நேரத்தில், நீரின் முகம் வழுவழுப்பாக இருக்கும்.

செராத்திங்குக்குத் தெற்கே உள்ள பாலோக் கடற்கரை அகலமானது. ஆனால் அங்கே தடையின்றி வீசும் காற்று பாய்மரப் பலகைக்கும் காற்றாடிப் பலகைக்குமே பொருத்தம். குவாந்தானின் தெலுக் செம்பெடாக் இரு முனைகளுக்கிடையே அடங்கிய எழிலான கரை என்றாலும் கூட்டமும் இழுவையும் மிகுதி. தியோமான் தீவின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஜுவாரா விரிகுடா அலைக்கு ஏற்றது. ஆயினும் அலை வரும் பருவத்தில்தான் மெர்சிங்கிலிருந்து செல்லும் படகுகள் குறைகின்றன. முதல் முயற்சிக்கு அது வேண்டாத சிக்கல்.

கோயில் தரிசனத்துக்கும் உறவினரைக் காணவும் தமிழ்நாட்டுக்குச் செல்லும் மலேசியத் தமிழர்கள், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தை மனத்தில் கொள்ளலாம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தம் ஊர் இளைஞர்களுக்கு அலைச்சறுக்கு கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த இம்மீனவக் கிராமத்தில் 2013இல் அலைச்சறுக்கு விழா தொடங்கப்பட்டது. அருகிலுள்ள மாமல்லபுரம் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியையே நடத்தியது. கட்டுமரத்தில் அலையைக் கிழித்துக் கடலுக்குப் போய், அதே அலையேறிக் கரைக்கு வந்த சோழமண்டலக் கரை மீனவரின் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு அயலானதன்று. பயிற்றுநர்கள் தமிழிலேயே கற்பிப்பது மலேசியத் தமிழருக்குக் கூடுதல் வசதி. இக்கரையின் நல்ல காலம் தென்திசைத் தொலையலைகள் வரும் கோடைப் பருவம். அதாவது செராத்திங் உறங்கும் மாதங்களில் கோவளம் விழித்திருக்கிறது. இலங்கையின் கிழக்கே பொத்துவிலை அடுத்த அறுகம்பையும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இதே ஒழுங்கில் இயங்குகிறது. அதன் முதன்மை முனையிலுள்ள வலது அலை உலகப் புகழ் பெற்றதாயினும் அடித்தளத்தில் பாறையுண்டு. புதியவர்கள் அதனுள் ஒதுங்கிய மணற்பகுதியிலோ, சற்று வடக்கேயுள்ள விஸ்கி முனையிலோ கற்கின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அத்தீவின் தென்கரையிலுள்ள வெலிகம விரிகுடா அப்பணியை ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும் பாரிட் புந்தாரிலிருந்து கடவுச்சீட்டு இல்லாமல் சென்று வரக்கூடிய, மணலடித்தளமும் மெதுவான சரிவும் முனையின் மறைப்பும் ஒருங்கே அமைந்த தொடக்கநிலைக் கரை செராத்திங் ஒன்றே. தைப்பூசம் முடிந்து, வெள்ள எச்சரிக்கைகள் ஓய்ந்த பிறகு, மார்ச் பாதிக்குள் அங்கே போய்ச் சேர்வதே பொருத்தம். அந்நாட்கள் நோன்பு மாதத்தில் விழுந்தால் பகலுணவைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நீச்சல் தெரியாதவர் புறப்படும் முன் நகராட்சிக் குளத்திலோ விடுதிக் குளத்திலோ 50 மீட்டராவது களைக்காமல் நீந்தப் பழகிக்கொள்ள வேண்டும். அதுவரை பலகைக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.